கூடவே வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூளையிலும் குடலிலும் செய்தி கடத்தும் வேதிப்பொருளான செரட்டோனினைக் கூட்டும் சப்ளிமெண்ட் மாத்திரைகள் பற்றித் தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். மனச்சோர்வு, தூக்கமின்மை, அடங்காப் பசி எல்லாவற்றுக்கும் செரட்டோனின் குறைவே காரணம், அதை நிரப்ப, உடம்பு செரட்டோனினாக மாற்றிக்கொள்ளும், விதையிலிருந்து எடுத்த 5-எச்.டி.பி. இருக்கிறது, இயற்கைப் பொருள் என்பதால் பக்கவிளைவு இல்லை என்கிறது கட்டுரை. முழுக்கத் தவறு என்று இதைத் தள்ளிவிட முடியவில்லை. வேலையே செய்யாத பொருளாக இருந்தால் வாங்குபவருக்குப் பண நட்டத்தோடு போய்விடும். இது வேலை செய்யும் பொருள். அதனால்தான் இந்த நீண்ட கடிதம்.

முதலில் அது உடம்பில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். நம் உடலிலுள்ள செரட்டோனினில் சுமார் 90 விழுக்காடு இருப்பது குடலில். அங்கே அது குடலை அசைக்கிறது, வேண்டாததை வாந்தியாக வெளியேற்றச் சைகை கொடுக்கிறது. இரத்தத் தட்டணுக்கள் கொஞ்சத்தைச் சுமந்து திரிகின்றன, காயம் பட்டால் இரத்தம் உறைய உதவுகின்றன. மூளையில் இருப்பது மிகச் சிறிய பங்குதான். வெளியிலிருக்கும் செரட்டோனின் மூளையின் தடுப்புச்சுவரைத் தாண்டாது. ஆகவே செரட்டோனினையே மாத்திரையாக விழுங்கிப் பயனில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது.

மூலப்பொருள் டிரிப்டோபன் என்ற அமினோ அமிலம், உணவுப் புரதத்திலிருந்து வருவது. அதில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் செரட்டோனின் ஆகிறது, பெரும்பகுதியைக் கல்லீரல் வேறு வழியில் செலவழித்துவிடுகிறது. டிரிப்டோபன் ஹைட்ராக்சிலேஸ் என்ற என்சைம் அதை 5-எச்.டி.பி. ஆக்குகிறது, இன்னொரு என்சைம் வைட்டமின் பி6 துணையோடு அதைச் செரட்டோனினாக மாற்றுகிறது. இரவானால் மூளையிலுள்ள பீனியல் சுரப்பி அதிலிருந்து தூக்கத்துக்கான மெலட்டோனின் செய்கிறது. இந்த வாய்க்காலில் முதல் என்சைம்தான் மதகு. எவ்வளவு திறப்பது என்று உடம்பு அங்கேதான் தீர்மானிக்கிறது. டிரிப்டோபன் சாப்பிட்டால் தண்ணீர் மதகுக்கு மேலே வந்து சேர்கிறது. 5-எச்.டி.பி. சாப்பிட்டால் மதகைத் தாண்டிக் கீழே கொட்டுகிறோம். இரண்டையும் ஒரே வகை 'மகிழ்ச்சி மாத்திரை' என்று கட்டுரை சேர்த்துப் பேசியதில் இந்த வேறுபாடு காணாமல் போய்விட்டது.

இன்னொன்று. 5-எச்.டி.பி. மூளைத் தடுப்பைத் தாண்டும் என்பது உண்மை. ஆனால் அதைச் செரட்டோனினாக்கும் இரண்டாவது என்சைம் குடலிலும் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் நிறைய இருக்கிறது. விழுங்கியதில் பெரும்பங்கு மூளைக்குப் போகும் முன்பே வழியில் மாறிவிடும். அப்படிக் குடலில் கூடும் செரட்டோனின்தான் குமட்டல், வயிற்றுப் பிடிப்பு, பேதி எல்லாம். இந்த மாத்திரையை நிறுத்துபவர்கள் பெரும்பாலும் இதற்காகவே நிறுத்துகிறார்கள். மருத்துவர்கள் 5-எச்.டி.பி.யை மருந்தாகக் கொடுக்கும்போது, வழியில் மாறுவதைத் தடுக்கக் கார்பிடோபா சேர்த்துக் கொடுப்பது இதனால்தான்.

பயன் உண்டா? உண்டு. டெட்ராஹைட்ரோபயாப்டெரின் என்ற துணைப்பொருள் பிறவியிலேயே குறைந்த குழந்தைகளுக்கு மதகு என்சைம் சரியாக இயங்காது. அவர்களுக்கு 5-எச்.டி.பி. உண்மையான மருந்து, பார்க்கின்சன் நோய்க்கும் தரும் லெவோடோபா, கார்பிடோபாவோடு சேர்த்து மருத்துவமனைக் கண்காணிப்பில் தரப்படுகிறது. கடையில் வாங்கிப் போடும் பெரியவர்களின் கதை அவ்வளவு தெளிவாக இல்லை. மனச்சோர்வுக்கு டிரிப்டோபனும் 5-எச்.டி.பி.யும் உதவுமா என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2002ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு தேடியபோது 108 ஆய்வுகள் கிடைத்தன. தரம் தேறியவை இரண்டே இரண்டு. அவற்றில் இருந்த நோயாளிகள் மொத்தம் 64 பேர். வெற்று மாத்திரையைவிட மேலாகத் தெரிகிறது, ஆனால் பரிந்துரைக்க இந்தச் சான்று போதாது என்றுதான் அந்த ஆய்வு முடிந்தது. தூக்கத்துக்கு, இரவில் 1 கிராம் அளவு டிரிப்டோபன், தூங்கிப்போக ஆகும் நேரத்தைக் குறைப்பதாகப் பழைய சிறு ஆய்வுகள் காட்டின. பசி குறைவதும் சிறு ஆய்வுகளில் தெரிந்தது. ஆனால் அங்கே கொடுத்தது நாளுக்கு 900 மி.கி. 5-எச்.டி.பி. அந்த அளவில் குமட்டலுக்கே பாதிப் பசி போய்விடும் என்பது எங்கள் சந்தேகம்.

'செரட்டோனின் குறைவதால்தான் மனச்சோர்வு' என்ற அடிப்படையே இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. 2022இல் வெளிவந்த பெரிய தொகுப்பாய்வு ஒன்று, மனச்சோர்வு உள்ளவர்களுக்குச் செரட்டோனின் குறைந்திருப்பதற்கு ஒத்திசைந்த சான்று இல்லை என்றது. மாத்திரைகள் பயனற்றவை என்று இதற்குப் பொருள் இல்லை. தலைவலி மாத்திரை வேலை செய்வதால் அந்த மாத்திரை குறைந்ததால்தான் தலைவலி வந்தது என்று சொல்வோமா? குறைவு என்று ஒன்று நிரூபணமாகாதபோது 'குறைவை நிரப்புகிறோம்' என்ற விளம்பர வாசகத்துக்குக் கீழே தரை இல்லை, அவ்வளவுதான். இரத்தத்தில் செரட்டோனின் அளவு பார்த்து 'உங்களுக்குக் குறைவு' என்று சொல்பவரிடமும் எச்சரிக்கையாக இருங்கள். அந்தச் சோதனை காட்டுவது தட்டணுக்கள் சுமப்பதை. மூளையில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது.

அளவு பற்றிக் கட்டுரை ஒரு வரிகூடச் சொல்லவில்லை. பெரியவர்களிடம் நடந்த மனச்சோர்வு ஆய்வுகளில் பெரும்பாலும் நாளுக்கு 150 முதல் 300 மி.கி. 5-எச்.டி.பி., மூன்று வேளையாகப் பிரித்து. மூன்று வேளை ஏனென்றால், இரத்தத்தில் அது சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஒரே வேளையாகப் போட்டால் சட்டென்று உச்சத்துக்கு ஏறிச் சட்டென்று இறங்கும். குமட்டல் வருவது அந்த உச்சத்தில்தான். வேறு எந்த மருந்தும் எடுக்காத, மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்கும் ஒருவர் 50 மி.கி.யில், உணவோடு, இரவில் தொடங்கி, ஒரு வாரமாவது பொறுத்துப் பார்த்துவிட்டு ஏற்றுவதே முறை. முதல் நாளே 200 மி.கி. விழுங்கிவிட்டு 'எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்பவர்களுக்கு மாத்திரைமேல் குறை சொல்ல உரிமை கிடையாது.

டிரிப்டோபனுக்கு முறை வேறு. அது மூளைக்குள் நுழையும் வாசலில் வேறு அமினோ அமிலங்களும் வரிசையில் நிற்கின்றன. புரதம் நிறைந்த சாப்பாட்டோடு எடுத்தால் கூட்டத்தில் பின்தங்கிவிடும். வெறும் வயிற்றில், அல்லது கொஞ்சம் மாவுச்சத்தோடு எடுத்தால் இன்சுலின் சுரந்து மற்ற அமினோ அமிலங்களைத் தசைகளுக்குள் இழுத்துவிட, வாசல் காலியாகும்.

டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கும் பழக்கம் வேண்டும். முன்பக்கத்தில் பெரிதாக 200 மி.கி. என்றிருக்கும், பின்பக்கத்தில் 'ஒரு வேளை என்பது 2 கேப்ஸ்யூல்' என்று சின்ன எழுத்தில் இருக்கும். தலைகீழாகவும் இருக்கலாம். கிரிஃபோனியா விதைச்சாறு என்று மட்டும் எழுதியிருந்தால் அதில் 5-எச்.டி.பி. எத்தனை மி.கி. என்று தெரியாமல் வாங்கக் கூடாது. மேற்கு ஆப்பிரிக்காவில் வளரும் கொடி அது, விதைக்கு விதை சத்து மாறும். 'தனிக் கலவை' என்று மொத்த எடையை மட்டும் போட்டு, உள்ளே இருப்பவற்றின் தனித்தனி அளவை மறைக்கும் டப்பாவை அங்கேயே வைத்துவிடுங்கள். 5-எச்.டி.பி.யும், மனச்சோர்வுக்கு விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகையும் ஒரே கேப்ஸ்யூலில் சேர்ந்து வருவதும் உண்டு, அதன் ஆபத்தைக் கீழே சொல்கிறோம்.

வைட்டமின் பி6 சேர்த்திருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவை 1.3 மி.கி. அளவுதான். சில சப்ளிமெண்ட்களில் 25, 50, ஏன் 100 மி.கி. வரை போடுகிறார்கள். மாதக்கணக்கில் அதிகமாகப் போனால் பி6 நரம்பைக் கெடுக்கும், கைகால் விரல்கள் மரத்துப்போகும், நடை தள்ளாடும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் பெரியவர்களுக்கான உச்சவரம்பை நாளுக்கு 12 மி.கி. என்று இறக்கியது. இரண்டு மூன்று டப்பாக்களில் தனித்தனியாக பி6 ஒளிந்திருந்தால் இந்த வரம்பைத் தாண்டுவது வெகு எளிது.

இனி, இந்தக் கடிதத்தை எழுத வைத்த விஷயம். மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள்தான் இப்படிப்பட்ட கட்டுரையை ஆர்வத்தோடு படிப்பவர்கள். ஃப்ளூவாக்செட்டின், செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம், பராக்செட்டின் போன்றவை நரம்பு முனையில் செரட்டோனின் வடிந்துபோகும் வழியை அடைக்கின்றன. மோனோஅமீன் ஆக்சிடேஸ் தடுப்பிகள் அதைச் சிதைக்கும் வழியை அடைக்கின்றன. வடிகாலை அடைத்துவிட்டு மேலே 5-எச்.டி.பி. குழாயைத் திறந்துவிட்டால் தொட்டி வழியும். செரட்டோனின் நச்சுநிலை, அதாவது செரட்டோனின் சின்ட்ரோம் என்பது இதுதான். மோனோஅமீன் ஆக்சிடேஸ் தடுப்பி எடுத்தவர்களுக்கு வெறும் டிரிப்டோபன் கொடுத்தபோதே நரம்புக் கோளாறுகள் வந்ததை 1960லேயே மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். சேர்த்துச் சாப்பிட்ட எல்லாருக்கும் இது வந்துவிடாது. ஆனால் யாருக்கு வரும், எந்த மில்லிகிராமில் வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் சோதனை கிடையாது.

5-எச்.டி.பி.யோடு சேரக் கூடாதவற்றின் பட்டியல் மனச்சோர்வு, பதற்ற மருந்துகளோடு முடிவதில்லை. பலர் வழுக்கி விழுவது இங்கேதான். வலிக்குக் கொடுக்கும் டிரமடால், டாபென்டடால், பெத்திடின் உண்டு. வறட்டு இருமல் சிரப்பில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் உண்டு. நரம்பு வலிக்குத் தரும் டுலாக்செட்டின், அமிட்ரிப்டிலின் உண்டு. இருதுருவ மனநிலைக் கோளாறுக்கான லித்தியம் உண்டு. ஆன்டிபயாடிக்கான லினசோலிட், பார்க்கின்சன் நோய்க்கான செலிஜிலின், ரசாஜிலின், இரத்தக்குழாய் வழி ஏற்றும் சாய மருந்தான மெத்திலின் புளூ ஆகியவை மோனோஅமீன் ஆக்சிடேஸைத் தடுப்பவை. ஒற்றைத் தலைவலிக்கான டிரிப்டான்களையும் இந்த வரிசையில் சேர்ப்பது வழக்கம். அந்தப் பயம் மிகை என்பது எங்கள் கருத்து, இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுவதில் நட்டமில்லை. பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா கார்பிடோபா எடுப்பவர்கள் தாமாக 5-எச்.டி.பி. சேர்க்கக் கூடாது. கார்பிடோபா வழியில் மாறுவதைத் தடுத்துவிடுவதால் மூளைக்குப் போகும் பங்கு எதிர்பாராமல் ஏறும். கார்பிடோபாவும் 5-எச்.டி.பி.யும் சேர்ந்து, தோல் தடித்து இறுகும் நோய் வந்ததாகவும் பதிவு உண்டு.

நச்சுநிலையின் அறிகுறிகள் பெரும்பாலும் கடைசியாக மாத்திரை போட்ட அல்லது அளவைக் கூட்டிய 6 மணி நேரத்துக்குள் தொடங்கும், பெரும்பாலோருக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். முதலில் நிலைகொள்ளாமை, நடுக்கம், வேர்வை, பேதி, படபடப்பு. கண்மணி விரிந்திருக்கும். பிறகு தசைகள் விறைக்கும், குறிப்பாகக் கால்கள். மருத்துவர் பாதத்தைப் பிடித்துச் சட்டென்று மேல்நோக்கி வளைத்தால் கணுக்கால் தானாகத் துடிதுடித்துக்கொண்டே இருக்கும். குளோனஸ் என்ற இந்தத் துடிப்புதான் நோயைக் காட்டிக்கொடுக்கும் முக்கிய அடையாளம். இரத்தச் சோதனையில் இது தெரியாது. சிலருக்குக் கண்விழிகளே பக்கவாட்டில் துடிக்கும். முற்றினால் காய்ச்சல் 41 டிகிரி செல்சியஸைத் தாண்டி உயிருக்கே ஆபத்தாகும்.

தொடக்க அறிகுறிகளைப் பார்த்துவிட்டுப் 'பதற்றம் கூடிவிட்டது, இன்னொரு மாத்திரை போடுவோம்' என்று நினைப்பதுதான் இதில் நடக்கும் மிகக் கெட்ட தவறு. இரண்டாவது தவறு, காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போட்டுக் காத்திருப்பது. இந்தச் சூடு கிருமியால் வருவதில்லை, விறைத்த தசைகளால் வருகிறது. பாராசிட்டமால் அதைத் தொடாது. மாத்திரைகள் அனைத்தையும் நிறுத்திவிட்டு உடனே அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும். அங்கே உடலைக் குளிர்வித்து, அமைதிப்படுத்தும் பென்சோடயசிபீன் கொடுத்து, தேவைப்பட்டால் சைப்ரோஹெப்டடின் 12 மி.கி.யில் தொடங்குவார்கள். பசியைத் தூண்டும் மாத்திரையாகப் பலருக்கும் தெரிந்த அதே சைப்ரோஹெப்டடின்தான், ஆனால் இது வீட்டில் செய்து பார்க்கும் வைத்தியம் அல்ல. லேசான நிலையில் மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் ஒரு நாளில் தெளிந்துவிடும். போகும்போது சப்ளிமெண்ட் டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள். 'மாத்திரை என்ன சாப்பிடுகிறீர்கள்?' என்று கேட்டால் இதை யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் அது 'மாத்திரை' என்றே அவர்கள் மனதில் பதிவதில்லை.

'அப்படியானால் மருத்துவர் தந்ததை விட்டுவிட்டு இயற்கை மாத்திரைக்கு மாறிவிடுகிறேன்' என்று கிளம்புபவர்களுக்கும் ஒரு வார்த்தை. பராக்செட்டின், வென்லாஃபாக்சின் போன்றவற்றைச் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, எரிச்சல் எல்லாம் வரும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், அதுவும் எழுதிக்கொடுத்தவர் மேற்பார்வையில். ஃப்ளூவாக்செட்டினில் நிலைமை வேறு. நிறுத்திய பிறகும் அதன் வழிப்பொருள் வாரக்கணக்கில் உடம்பில் தங்கும். மோனோஅமீன் ஆக்சிடேஸ் தடுப்பி தொடங்கவே 5 வாரம் காத்திருக்கச் சொல்வது அதனால்தான். 'போன வாரமே நிறுத்திவிட்டேன்' என்பது அங்கே பாதுகாப்பு ஆகாது.

செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையைப் பற்றிக் கட்டுரை ஒரு வரியில் தாண்டிவிட்டது. இந்தக் கூட்டத்தில் சான்று பலமாக உள்ளது அதற்குத்தான். 29 ஆய்வுகள், 5,489 நோயாளிகள் கொண்ட 2008ஆம் ஆண்டுக் காக்ரேன் தொகுப்பாய்வில், பெருமனச்சோர்வில் வழக்கமான மருந்துகளுக்கு இணையாக அது நின்றது, பக்கவிளைவும் குறைவாக இருந்தது. ஆனால் அதிலுள்ள ஹைப்பர்ஃபோரின் கல்லீரலின் மருந்து சிதைக்கும் என்சைம்களையும், மருந்தை வெளியே தள்ளும் புரதத்தையும் முடுக்கிவிடும். வேறு மருந்துகள் வேலை செய்யும் முன்பே கரைந்தோ வெளியேறியோ போய்விடும். கருத்தடை மாத்திரை, இரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின், இதயத்துக்கான டிகாக்சின், எச்.ஐ.வி. மருந்துகள், உறுப்பு மாற்றியவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரின் எல்லாம் இதில் அடங்கும். இதயமாற்று சிகிச்சை செய்துகொண்ட இருவருக்கு இந்த மூலிகையால் சைக்ளோஸ்போரின் அளவு இறங்கி, உடல் புது இதயத்தை நிராகரிக்கத் தொடங்கியதை 2000ஆம் ஆண்டில் மருத்துவ இதழ் வெளியிட்டது. நிறுத்திய பிறகும் இந்த முடுக்கம் அடங்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். செரட்டோனின் நச்சுநிலை எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.

இருதுருவ மனநிலைக் கோளாறு உள்ளவர்களுக்கு இவற்றில் எதுவுமே மிதமிஞ்சிய உற்சாகத்தை, அதாவது மேனியாவைத் தூண்டிவிடலாம். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் பாதுகாப்புத் தரவு இல்லை, எடுக்காமல் இருப்பதே சரி. அறுவைச் சிகிச்சை நாள் குறித்தாகிவிட்டால் மயக்க மருத்துவரிடம் சொல்லி 2 வாரம் முன்பே நிறுத்திவிடலாம். மயக்கத்துக்கும் வலிக்கும் கொடுப்பவற்றில் பெத்திடினும் டிரமடாலும் ஃபென்டனிலும் இருக்கின்றன. செரட்டோனினைச் சுரக்கும் கார்சினாய்டு கட்டி இருக்கிறதா என்று பார்க்க 24 மணி நேரச் சிறுநீரில், செரட்டோனின் சிதைந்து உண்டாகும் 5-எச்.ஐ.ஏ.ஏ.வை அளவிடுவார்கள். 5-எச்.டி.பி. எடுப்பவருக்கு அது பொய்யாக ஏறிக் காட்டும், இல்லாத கட்டியைத் தேடி ஸ்கேன் எடுக்க வைக்கும்.

கடைசியாகத் தூய்மை. 1989இல் அமெரிக்காவில் டிரிப்டோபன் சப்ளிமெண்ட் எடுத்தவர்களுக்குத் திடீரெனக் கடும் தசைவலியும் இரத்தத்தில் இயோசினோஃபில் என்ற வெள்ளை அணுக்களின் பெருக்கமும் வந்தன. 1,500க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள், 30 பேருக்கும் மேல் இறந்தார்கள். ஒரே ஒரு ஜப்பானிய உற்பத்தியாளரின் சரக்கு வரை தடம் போனது. பாக்டீரியா நொதிப்பு முறையில் தயாரித்த அந்தச் சரக்கில், பாக்டீரிய வகையையும் மாற்றி, வடிகட்டப் பயன்படும் கரித்தூளின் அளவையும் குறைத்திருந்தார்கள். நுணுக்கமான அளவில் மாசுகள் தங்கின. அவற்றில் குற்றவாளி எது என்பது அறுதியாக நிரூபணமாகவே இல்லை. டப்பாவில் எழுதியிருந்தது என்னவோ தூய டிரிப்டோபன்தான். 2017இல் கடைகளில் வாங்கிய 31 மெலட்டோனின் சப்ளிமெண்ட்களைச் சோதித்தபோது அவற்றில் 8இல், லேபிளில் சொல்லாத செரட்டோனின் இருந்தது. ஒவ்வொரு தொகுதிக்கும் வெளி ஆய்வகச் சான்று காட்டும் தயாரிப்பாளரைத் தவிர மற்றவர்களை நம்ப எங்களுக்குக் காரணம் தெரியவில்லை.

தங்களிடம் கேட்பது இரண்டு. 'பக்கவிளைவு இல்லை' என்ற வரிக்கு அதே பக்கத்தில் திருத்தம் வெளியிடுங்கள். மேலே சொன்ன மருந்துப் பெயர்களைக் கட்டம் கட்டி, கத்தரித்து வைத்துக்கொள்ளும்படி அச்சிடுங்கள். முதல் பெயராக டிரமடாலையும் இருமல் சிரப்பையும் போடுங்கள். மனநல மருந்து எடுப்பவர் ஒருவேளை தன் மருத்துவரைக் கேட்டுக்கொள்வார், இருமலுக்குச் சிரப் வாங்குபவர் யாரையும் கேட்கமாட்டார்.

இப்படிக்கு,
மருந்தாளுநர்கள், மருந்தியல் ஆசிரியர்கள் சிலர்